பீரோவுக்குள் வைஃபை

எங்கள் வீட்டுக்கு வைஃபை வந்த அன்றைக்கே அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். வேறு என்ன செய்வது? விலையுள்ள சாமானை நடுவீட்டில் தொங்கவிடுகிறவன் நான் இல்லை.

மைசூர் மண்டி மொஹல்லாவில் கீழே என் கடை, மேலே வீடு. இரும்பு பீரோ செய்து விற்கிறேன். பேர் லிங்கப்பன். மாதேஸ்வரன் மலைப் பக்கம் மார்டள்ளியிலிருந்து பதினேழு வயதில் இங்கே வந்து தகடு வெட்டப் பழகியவன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. ஆனால் ஐம்பது வருஷமாக மனிதர்கள் பீரோ வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். கலரைப் பார்ப்பான், கண்ணாடியைப் பார்ப்பான், கடைசியில் பூட்டை மூன்று தரம் திருகிப் பார்க்காமல் எவனும் போகமாட்டான். யாரும் யாரையும் நம்புவதில்லை. அதனால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது.

வைஃபை எனக்காக வரவில்லை. மருமகள் சுசித்ராவுக்காக வந்தது. மகன் விஜய்குமாருக்கு பெங்களூரில் வேலை, வாரக் கடைசியில் வந்து போவான். அடுத்த வருஷம் மைசூருக்கே மாற்றலாகி வந்துவிடுவான். சுசித்ராவுக்கு ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் வேலை கிடைத்தது. விவசாயிகள் தமிழிலும் கன்னடத்திலும் போன் போட்டு, பம்பு ஓடவில்லை என்று கத்துவார்கள். இவள் கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும். ஒரு மாதம் பெங்களூரில் வைத்துப் பழக்கினார்கள். பிறகு, வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் முதல் மூன்று நாள் பரீட்சை, வீட்டு லைன் அறுந்து அறுந்து போனால் மூட்டை கட்டிக்கொண்டு பெங்களூர் ஆபீசுக்கே வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். போன் நெட்டில் ஓட்டக்கூடாதாம். வீட்டுக்குத் தனியாக லைன் வேண்டுமாம்.

"எனக்கு அந்த ஊரு டிராபிக் வேண்டவே வேண்டாம் மாமா. எப்படியாவது இங்கயே இருந்துடணும்" என்று போனில் அவள் சொன்னபோது, சரி பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். அவள் இல்லாத அந்த ஒரு மாதம் வீட்டில் என்னை எதிர்த்துப் பேச ஆளே இல்லை. என் வீட்டுக்காரி மாதேவி நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே பேசி ஓய்ந்துவிட்டாள். எதிர்ப்பேச்சு இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதையெல்லாம் மருமகளிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

அவள் ஊருக்கு வருவதற்கு முந்தின நாள் லைன்மேன் ஜடையன் வந்தான். ஹனூர் பக்கத்து ஆள், நாற்பது வயதிருக்கும். ரோட்டுக் கம்பத்திலிருந்து கறுப்பாக ஒரு வயரை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தான்.

"இவ்வளோ ஒல்லி வயருல என்னத்த வரப்போகுது? கொசுவலை கட்டற கயிறாட்டம் இருக்குது."

"இதுக்குள்ள செம்புக் கம்பி இல்லீங்கய்யா. கண்ணாடி நூலு. அதுக்குள்ள வெளிச்சம் ஓடுது. மடக்கிப் போட்டீங்கன்னா ஒடிஞ்சு போயிரும், பாத்துக்கங்க."

கண்ணாடியில் நூல் என்றதுமே எனக்குச் சந்தேகம் ஆரம்பித்துவிட்டது. பையிலிருந்து வெள்ளையாக ஒரு பெட்டியை எடுத்தான். அதற்கு நான்கு கொம்பு.

"வயரு இந்தப் பொட்டியோட நின்னுக்குமுங்க. ரூட்டர்னு பேரு. இங்கிருந்து ரேடியோ மாதிரி காத்துல போகும். போனு, லேப்டாப்பு எல்லாம் காத்துலயே புடிச்சுக்கும்."

"எவ்வளோ தூரம் போகும்?"

"ஊடு முச்சூடும் போகுமுங்க. செவுரு தாண்டிப் பக்கத்து ஊட்டுக்கும் கொஞ்சம் போகும்."

"பக்கத்து ஊட்டுக்கா? நம்ம சாமான் அங்கெதுக்கு போகுது?"

"போனா என்னங்க? பாஸ்வேர்டு போட்டிருக்குது. அது சாவி மாதிரி. தெரியாதவன் உள்ள வர முடியாது."

"சாவி உனக்கும் தெரியுமில்ல?"

அவன் சிரித்தான். சிரிக்கிறவனை நான் நம்புவதில்லை. பிறகு அவன் பெட்டியைக் கூடத்து ஜன்னலுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டுச் சொன்னான்: "ஒசரமா, ஊட்டுக்கு நடுவால, தொறந்த எடத்துல இருக்கோணுமுங்க. டிவிக்குப் பொறவால, பிரிட்ஜு பக்கத்துல, மீன் தொட்டி பக்கத்துலயெல்லாம் கொண்டுபோயி வெச்சுறாதீங்க." இன்னும் என்னென்னவோ சொன்னான். நான் காதில் வாங்கவில்லை. உயரத்தில், நடுவீட்டில், திறந்த இடத்தில் வை என்று ஒருவன் சொன்னால், பின்னால் வந்து எடுத்துக்கொண்டு போக அவனுக்கு அது சௌகரியம் என்று அர்த்தம்.

ஜடையன் படி இறங்கினான். மாதேவி கோயிலுக்குப் போயிருந்தாள். நான் வேலையை ஆரம்பித்தேன்.

எங்கள் வீட்டு பீரோ என் கையால் செய்தது. இருபது கேஜ் தகடு. கூடத்தில், பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவரை ஒட்டி நிற்கிறது. கடப்பாரையால் நெம்பி ஒரு முழம் முன்னால் நகர்த்தினேன். பின்பக்கத் தகட்டில் நாலு அங்குலத்துக்குச் சதுரமாக ஒரு ஓட்டை வெட்டினேன். கண்ணாடி நூல் மடங்காமல் வயரை உள்ளே விட்டு, பெட்டியை நடுத்தட்டில் வைத்தேன். கரண்டு வயரை ஓட்டை வழியாக வெளியே எடுத்து, பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவிட்சில் செருகினேன். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. பீரோவைத் தள்ளி, சுவரோரம் ஒரு கை நுழைகிற சந்து மட்டும் விட்டேன். பூட்டினேன். சாவி எப்போதும் போல என் அரைஞாண் கயிற்றில்.

காற்றுக்குத் தடையாகுமே என்று யோசிக்காதவன் இல்லை நான். யோசித்தேன். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகிற சாமான் அது. ஜடையனே தன் வாயால் சொன்னான். அதற்கு நகக் கனம் தகடு ஒரு பொருட்டா?

மறுநாள் சுசித்ரா வந்து இறங்கினாள். ஜன்னல் பக்கம் வெறும் ஆணியைப் பார்த்தாள். வயர் சுவரோரமாகப் போய் பீரோவுக்குப் பின்னால் மறைவதைப் பார்த்தாள். பீரோவுக்கு மேலே பரண்.

"பொட்டி எங்க மாமா? பரண் மேலயா வெச்சீங்க?"

"ம்" என்றேன்.

ம் என்பதை யாரும் பொய் என்று சொல்ல முடியாது.

முதல் நாள் காலை ஒன்பதுக்கு, கூடத்துக்கு எதிரே இருக்கிற அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கடைக்குப் போகாமல் கதவோரம் நின்று கேட்டேன்.

"வணக்கம் அண்ணா. மோட்டாருல தண்ணி வருதா, சத்தம் மட்டும் வருதா? சத்தம் மட்டுமா? சரி, அந்த வால்வை ஒரு சுத்து... அண்ணா? அண்ணா?"

லைன் அறுந்துவிட்டது. அன்றைக்கு நாலு தரம் அறுந்தது. ஒரு விவசாயி வால்வை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் பாதியிலேயே நின்றுபோனான். பாவம், அவன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறானோ என்னவோ.

"பொட்டிய ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மாமா. சில சமயம் அதுக்கே மண்டை குழம்பிடும்."

சந்துக்குள் கைவிட்டு சுவிட்சைத் தட்டினேன். விளக்குகள் மறுபடி வர மூன்று நிமிஷம் ஆகும் என்றாள். மூன்று நிமிஷம் கழித்தும் அதே கதைதான். போனை என்னிடம் காட்டினாள். வைஃபைக்கு ஜடையன் வைத்த என் பெயர் இங்கிலீஷில் இரண்டு தரம் எழுதியிருந்தது.

"பொட்டி ஒண்ணுதான், ஆனா ரெண்டு பேருல கூப்பிடுது மாமா. இது வேகமா ஓடும், செவுரு வந்தா மூச்சு வாங்கும். இது மெதுவா ஓடும், ஆனா தூரம் எட்டும். என் ரூமுக்கு வேகமானது வரவே மாட்டேங்குது. மெதுவானது ஒரே ஒரு கோடு."

"ஒரு கோடு போதாதா?"

"பெங்களூர் பஸ்ஸுல ஃபுட்போர்டுல தொங்கிட்டுப் போற மாதிரி. போகும். எந்தத் திருப்பத்துல கீழ விழும்னு சொல்ல முடியாது."

"எவனோ உறிஞ்சறான் அம்மிணி."

"பாஸ்வேர்டு நமக்கு மட்டும்தானே தெரியும்?"

"ஜடையனுக்குத் தெரியும்."

"அய்யோ ராமா, அவரு ஹனூருல உக்காந்துட்டு நம்ம வைஃபையை உறிஞ்ச முடியாது மாமா! இந்தப் பொட்டி கூப்பிடறது இந்தத் தெருமுனை வரைக்கும்கூடக் கேக்காது." ஆனாலும் எனக்காகப் பாஸ்வேர்டை மாற்றினாள். என்ன போடலாம் என்று கேட்டாள். காதோடு சொன்னேன். மாதேவிக்குக்கூடக் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் ஆறு தரம் அறுந்தது.

மத்தியானம் அவளுடைய மேலதிகாரி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். நாளைக்குப் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை அவரே லைனில் இருந்து கேட்பாராம். அந்த ஒரு மணி நேரத்தில் அறுந்தால், திங்கட்கிழமை பெங்களூர். சுசித்ரா கட்டிலுக்கு அடியிலிருந்து சூட்கேஸை இழுத்துத் தூசி தட்டினாள். அவள் பேசாமல் ஒரு வேலை செய்து நான் அதுவரை பார்த்ததில்லை.

கூடத்தில் பீரோவுக்கு அருகே போய் உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாராயணம் கேட்டது. பக்கத்து வீட்டுத் திருநாராயணன் பூஜை அறையில் போனை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நிற்காமல், தடங்கலில்லாமல், தண்ணீர் மாதிரி ஓடுகிறது. என் வீட்டில் சொட்டுகிறது, அங்கே ஓடுகிறது. எனக்கு ரத்தம் கொதித்தது.

திருநாராயணன் மேலுக்கோட்டை ஐயங்கார். காலேஜில் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் கதவைத் தட்டாமலே உள்ளே போனேன்.

"சாமி, உங்க போனைக் கொஞ்சம் காட்டுங்க."

"வாரும் லிங்கப்பரே. என்ன, முகமெல்லாம் செவந்திருக்கு?"

"வைஃபை பேரெல்லாம் வருமே, அதைக் காட்டுங்க."

பூஜை அறையில் இருந்தபடியே காட்டினார். என் பெயர் இருந்தது. பக்கத்தில் மூன்று கோடு!

"அதானே பாத்தேன்! ஏஞ் சாமி, பூஜை ரூமுல உக்காந்துட்டு இந்த வேலையா?"

"என்ன வேலைங்காணும்?"

"எம் பேரு உங்க போனுல எதுக்கு வருது?"

"பேர் தெரியறதும் உள்ளே வர்றதும் ஒண்ணா ஓய்? உம்ம கடை போர்டு ரோட்டுல போறவாளுக்கெல்லாம் தெரியறது. அத்தனை பேரும் ஆளுக்கொரு பீரோவைத் தூக்கிண்டு போயிட்டாளா? இதோ பாரும், டெய்லர் வீட்டுப் பேர் வர்றது, மிட்டாய்க் கடைப் பேர் வர்றது, ஏழு பேர் வர்றது. எல்லாத்துக்கும் பக்கத்துல பூட்டுப் படம் போட்டிருக்கு. பூட்டுன்னா என்னன்னு உமக்கு நான் சொல்லணுமா? நான் கேக்கறது என் போன் கம்பெனி நெட்ல."

"அப்ப எங்க ஊட்டுல ஒரு கோடு, உங்க ஊட்டுல மூணு கோடு. அதுக்கு என்ன சொல்றீங்க?"

அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது எனக்கும் புரியலை" என்றார்.

"திருடனுக்கு எப்படிப் புரியும்?"

அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "திருட்டைப் பத்தி நீர் பேசறீரா? நாலு வருஷத்துக்கு முன்னாடி மழைன்னு வாங்கிண்டு போனீரே என் குடை, அது எங்கே?"

"அன்னிக்கே குடுத்தாச்சு."

"குடுக்கலை."

"மாதேஸ்வரன் மேல சத்தியமாக் குடுத்தேன்!"

சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்குச் சாப்பாடு ருசியாக இருந்தது. சண்டை போட்டால் எனக்கு அப்படித்தான்.

மூன்றாம் நாள் காலையிலிருந்தே மழை. பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது படியில் சத்தம் கேட்டது. திருநாராயணன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நனைந்தபடி வந்து நின்றார். கையில் போன்.

"இந்தாரும். அந்தக் குழந்தைக்கு இன்னிக்குப் பரீட்சைன்னு உம்ம ஆத்துக்காரி சொன்னா. என்னாலதான் லைன் போறதுன்னு நீர் நெனைக்கறீர். என் போன் உம்ம கையிலயே இருக்கட்டும். அவ முடிச்சப்புறம் கொடும். அது வரைக்கும் நானும் இங்கேயே உக்காந்திருக்கேன், வேணுமானா என்னையும் பூட்டி வையும்."

இப்படி ஒருவன் வந்து நின்றால் என்ன செய்வது? போனை வாங்கிக்கொண்டேன். அதை எப்படி அணைப்பது என்று தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதே பெயர்கள் வரிசையாக வந்தன. என் பெயரும் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு.

மறுபடி பார்த்தேன். ஒரே கோடுதான். நேற்று மூன்று கோடு காட்டின அதே போன், இன்றைக்கு என் சொந்தக் கூடத்தில், என் சொந்தப் பெட்டிக்கு எதிரில், ஒரு கோடு காட்டுகிறது.

இதில் திருடன் எங்கே வந்தான்? நான் திருடன் என்றவர் போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு ஈரத் துண்டோடு நிற்கிறார். அங்கே கொட்டுகிறது, இங்கே சொட்டுகிறது என்றால் வழி அந்தப் பக்கம் இருக்கிறது.

போனைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஜன்னல் பக்கம் ஒரு கோடு. பீரோவுக்கு முன்னால் ஒரு கோடு. பீரோவுக்குப் பக்கவாட்டில் போய், சுவரோரச் சந்துக்குள் கையை நீட்டினேன்.

கோடு எல்லாம் நிறைந்துவிட்டது.

என் கை அந்த நாலு அங்குல ஓட்டைக்கு நேராக இருந்தது. நான் வெட்டின ஓட்டை. அதற்கு எதிரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் சாமியின் பூஜை அறை. சுற்றி இருபது கேஜ் தகடு போட்டு, ஒரே ஒரு வாசலைத் திறந்து, அதையும் பக்கத்து வீட்டைப் பார்த்து வைத்தவன் நான்தான்.

உள்ளே சுசித்ரா ஆரம்பித்துவிட்டாள். கதவு ஒருக்களித்திருந்தது. "வணக்கம் அண்ணா... கேக்குதா? ஸ்வல்ப இருங்க... இப்ப கேக்குதா?" அவளுடைய அதிகாரியும் அதையேதான் கேட்டுக்கொண்டிருப்பார்.

சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்தேன். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் பீரோவை முழுதாகத் திறந்து இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. ஒரு சாண் திறப்பேன், தோளால் மறைத்துக்கொண்டு எடுக்க வேண்டியதை எடுப்பேன், மூடிவிடுவேன். மாதேவி கல்யாணமான புதிதில் இரண்டு தரம் எட்டிப் பார்க்க முயன்று விட்டுவிட்டாள்.

இரண்டு கதவையும் விரியத் திறந்தேன்.

கையிலிருந்த போனில் ஒரு கோடு இரண்டாகி, மூன்றாகி, நிறைந்தது. வேகமான பெயரும் பட்டியலில் வந்துவிட்டது. அறைக்குள்ளிருந்து, "ஹாங், இப்ப தெளிவா கேக்குது அண்ணா, சொல்லுங்க!" என்று குரல் வந்தது. என் நெஞ்சு குளிர்ந்த அதே நிமிஷத்தில், மேல்தட்டிலிருந்து நீளமாக ஒன்று சரிந்து விழுந்தது. தரையில் விழுந்து சத்தம் போடுவதற்குள் திருநாராயணன் பாய்ந்து பிடித்தார்.

கறுப்புக் குடை. பிடியில் வெள்ளைப் பெயிண்டில் அவருடைய பெயர்.

பத்திரமாக இருக்கட்டும் என்று அன்றைக்கு வைத்தேன் போலிருக்கிறது. பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது.

அவர் வாயைத் திறந்தார். நான் உதட்டில் விரலை வைத்து, சுசித்ராவின் அறையைக் காட்டினேன். அவர் வாயை மூடிக்கொண்டு, குடையை என் மூக்குக்கு நேரே மூன்று தரம் ஆட்டினார். நான் மேலே பார்த்தேன். மாதேஸ்வரன் மலையிருக்கிற திசை எது என்று தெரியாமல் பொதுவாக ஒரு கும்பிடு போட்டேன்.

அப்போது மாதேவி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். அவள் கண் பெட்டிக்குப் போகவில்லை, குடைக்குப் போகவில்லை, நேராகக் கீழ்த்தட்டுக்குப் போனது. அங்கே மூன்று டப்பா மைசூர் பாகு. எனக்குச் சர்க்கரை வந்து ஆறு வருஷமாகிறது. இனிப்பே தொடுவதில்லை என்று டாக்டரிடம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து சாட்சி சொன்னவள் அவள்தான்.

மாதேவி விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கரண்டியை ஓங்கினாள். சத்தம் வரக்கூடாது என்பதால் காற்றில் நிறுத்தினாள்.

மெதுவாக இடதுபக்கக் கதவைச் சாத்தி டப்பாக்களை மறைக்கப் பார்த்தேன். போனில் ஒரு கோடு குறைந்தது. உள்ளே, "அண்ணா? அண்ணா?" என்று கேட்டது. சட்டென்று திறந்துவிட்டேன். எங்கள் கூடத்துத் தரை கொஞ்சம் சரிவு. பிடித்துக்கொள்ளாவிட்டால் கதவு இரண்டும் மெள்ளத் தானாக மூடிக்கொள்ளும். ஆகவே போனைச் சாமியிடமே கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் இரண்டு கதவைப் பிடித்துக்கொண்டு, சிலுவையில் அறையப்பட்டவன் போல நின்றேன். பன்னிரண்டு மணி வரைக்கும் வேறு வழியில்லை.

அந்த ஒரு மணி நேரத்தை என்னவென்று சொல்வது? சாமி நாற்காலியை எனக்கு எதிரே போட்டுக்கொண்டு, குடையைச் சத்தமில்லாமல் விரித்து, நடுக்கூடத்தில் அதன் கீழே உட்கார்ந்தார். மாதேவி என் கைக்கு அடியில் குனிந்து முதல் டப்பாவை எடுத்தாள். தட்டில் அடுக்கி அவரிடம் நீட்டினாள். அவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நெய் வாசனை என் முகத்தில் அடித்தது. அவளும் ஒன்று தின்றாள். நான் தலையை ஆட்டி, எனக்கு ஒரு துண்டு என்று சாடை காட்டினேன். அவள் பிரிட்ஜ் மேல் இருந்த என் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து, டப்பா இருந்த இடத்தில் வைத்தாள்.

சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். குடையும் சேர்ந்து குலுங்கியது. அதைப் பார்த்து மாதேவிக்கு வந்தது. அவள் சமையலறைக்கு ஓடினாள். எனக்கும் வந்தது, ஆனால் கதவை விட முடியாது. கண்ணில் தண்ணீர் வழிய நின்றேன். உள்ளே சுசித்ரா யாருக்கோ, "காத்து அடைச்சிருக்கு அண்ணா, அதான். அடைப்பை எடுத்துட்டீங்கன்னா தண்ணி கொட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு அடித்தது. ஐந்து நிமிஷம் கழித்து அறைக் கதவு படாரென்று திறந்தது.

"மாமா! ஒரு தடவ கூட அறுந்து போகல! ஆரம்பத்துல ஒரு நிமிஷம் விட்டு விட்டு வந்துச்சு, அதுக்கு மழைதான் காரணம்னு எங்க சாரே சொல்லிட்டாரு. திங்கக்கிழமையிலிருந்து இங்கயேதான்! பெங்களூரு கேன்சல்!"

அப்புறம்தான் பார்த்தாள். பீரோவை, என்னை, குடைக்குக் கீழே சாமியை, காலித் தட்டை. கடைசியில் நடுத்தட்டில் பச்சை விளக்கோடு இருக்கிற வெள்ளைப் பெட்டியை.

"பரண் மேலன்னு சொன்னீங்க?"

"நீதான் சொன்ன. நான் ம்-னு மட்டும்தான் சொன்னேன்."

சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இரும்பு பீரோக்குள்ள யாராவது ரூட்டரைப் பூட்டுவாங்களா மாமா? உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்!"

"ஒம்போது இஞ்சு செவுரு தாண்டுது. நகக் கனம் தகடு தாண்டாதா?"

"கனம் கணக்கே இல்ல. செங்கல்லுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா பூந்து அந்தாண்ட போயிடும். தகடுல பட்டா திரும்பிடும். உங்க பீரோக் கண்ணாடி எவ்வளோ கனம்? அதுல உங்க மொகம் திரும்பி வரலையா?"

திரும்பிப் பார்த்தேன். வந்தது. அவ்வளவு நன்றாக இல்லை.

குடையை மடித்துக்கொண்டு சாமி எழுந்தார்.

"சாமி, கொடைய நான் குடுக்கல."

"தெரியறது."

"சத்தியம் வேற பண்ணிட்டேன். மலைக்குப் போயி மாதேஸ்வரன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"அவர்கிட்ட கேக்கறது இருக்கட்டும். எங்கிட்ட?"

"உங்ககிட்ட இன்னொரு டப்பா எடுத்துக்கங்கன்னு சொல்றேன்."

"அது போதும்" என்றார். எடுத்துக்கொண்டும் போனார். நான் பேச்சுக்குச் சொன்னேன்.

மறுநாள் ஜடையனைக் கூப்பிட்டுப் பெட்டியைக் கூடத்துக்கு நடுவில், உயரத்தில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மாட்டச் சொன்னேன். பீரோவின் ஓட்டையைப் பார்த்துவிட்டு, "நான் அன்னிக்கே சொன்னேனுங்களே அய்யா" என்றான்.

"சொன்ன. நீ சொன்னதுனாலதான் நான் கேக்கல."

இப்போது சுசித்ராவின் அறையில் எல்லாக் கோடும் நிற்கிறது. காலையில் விவசாயிகளோடு பேசுகிறாள், சாயங்காலம் என்னோடு சண்டை போடுகிறாள். சூட்கேஸ் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. எனக்குச் சோறு இறங்குகிறது.

பெட்டியில் புதிதாக மூன்றாவது பெயர் ஒன்று வைத்திருக்கிறாள். விருந்தாளிகளுக்காம். கூடத்தில் உட்காரவைத்துக் காபி கொடுக்கிற மாதிரி, நெட் கிடைக்கும், ஆனால் நம் லேப்டாப் பக்கம் அவர்கள் வர முடியாது. அது எனக்குப் பிடித்தது. அதன் பாஸ்வேர்டை நானே போய்த் திருநாராயணனிடம் சொன்னேன். இப்போது அவருடைய பாராயணம் எங்கள் காற்றில் ஓடுகிறது. ஓடட்டும்.

பீரோவின் பின்னால் இருந்த ஓட்டையைத் தகடு வைத்து அடைத்து, நாலு ரிவெட் அடித்துவிட்டேன். உள்ளே இப்போது என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள், மாதேவி காதுக்குப் போய்விடும். விருந்தாளிப் பாஸ்வேர்டையும் இங்கே எழுதமாட்டேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது.